கராஜில் பழகிய கை விமானத்தில் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி

களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து 22 வயதுத் தம்பி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பாவின் மோட்டார் சைக்கிள் கராஜில் சின்ன வயதிலிருந்தே வேலை பழகியவர். ‘கை வந்த பிள்ளை’ என்று ஊரில் பெயர். இப்போது கொழும்புப் பக்கத்தில் விமானப் பராமரிப்புப் படிப்பில் இரண்டாம் வருடம். செய்முறையில் வகுப்பிலேயே குறைந்த புள்ளி இவருக்குத்தான். ஸ்பானரை முதன்முதலாக அங்கேதான் தொட்ட பிள்ளைகள்கூட இவரைத் தாண்டிப் போகிறார்கள். லொக் வயர், அதாவது போல்ட் தளராமல் கட்டும் கம்பி, முறுக்கினால் அறுந்துவிடுகிறது. பனல் ஸ்குருவின் தலை நைந்துபோகிறது. வைத்த அளவு இறுக்கம் வந்ததும் ஒலி தரும் டோர்க் ரென்ச் ‘கிளிக்’ என்ற பிறகும் நிச்சயத்துக்காக இன்னொரு தரம் இழுப்பாராம், அதற்கும் ஏச்சு. போதனாசிரியர் எல்லோர் முன்னாலும் ‘கராஜ்காரன்’ என்று கூப்பிடுகிறார்.

இதற்கிடையில், பயிற்சிக்காக ஹங்கரில் (விமானக் கொட்டகையில்) நின்றபோது ஸ்குரு டிரைவர் நழுவி, விமானத்தின் உடற்தகட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கும் இவர் கேட்பது: வீட்டிலிருந்தே கையைத் திருத்தலாமா? அம்மாவின் நகையை அடகு வைத்து முழு டூல் செட் ஒன்று வாங்குவது புத்தியா? இல்லை, படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு நின்றுவிடவா, அல்லது கட்டாரிலிருந்து மச்சான் சொல்லும் வேலைக்குப் போகவா?

பதில்

தம்பி, கீறலைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். மற்றதையெல்லாம் ஆறுதலாகத் திருத்திக்கொள்ளலாம்.

கீறலைச் சொல்லத்தான் வேண்டும்

‘பெயின்ட் மட்டும்தான் போயிருக்கும், நகத்தில் தட்டுப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முடிவுசெய்வது உங்கள் நகமும் இல்லை, என் நகமும் இல்லை. கீறலின் ஆழத்தைக் கருவி வைத்து அளந்து, அந்த விமானத்தின் கட்டமைப்புப் பழுதுபார்ப்பு மெனுவலில் அந்த இடத்துக்குத் தந்திருக்கும் எல்லையோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அனேகமாக எல்லைக்குள்ளேதான் இருக்கும். மெதுவாக மழுக்கி, பூச்சு பூசி, பதிந்து வைப்பதோடு முடிந்துவிடும். ஆனால் ‘அனேகமாக’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் விமானத்தை விடுவிப்பதில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பீர்கள். உடற்தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகம். அரிப்பிலிருந்து காக்க அதன் மேல் சுத்த அலுமினியத்தில் மெல்லிய படை ஒன்று இருக்கும். கீறல் அதைத் தாண்டினால் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். கடற்கரைக் காற்றில் நிற்கும் விமானம் என்றால் இன்னும் வேகமாக. கூரான கீறலுக்கு வேறொரு குணமும் உண்டு. ஒவ்வொரு பறப்பிலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கும்போது இழுவிசை அந்தக் கூர் அடியில் போய்க் குவியும். அங்கிருந்துதான் வெடிப்பு ஊரத் தொடங்கும்.

1980 பெப்ரவரியில் சைனா எயார்லைன்ஸின் போயிங் 747 ஒன்று ஹொங்கொங்கில் இறங்கும்போது வால் தரையில் உரசியது. உரசிய கீறல்களைச் சரியாக நீக்காமல் அதன் மேலேயே ஒரு தகட்டை வைத்து ரிவெட் அடித்தார்கள். அந்த விமானம் அதற்குப் பிறகும் 22 வருடம் பறந்தது. 2002 மே 25 அன்று தாய்வான் நீரிணைக்கு மேலே வானத்திலேயே உடைந்து, அதிலிருந்த 225 பேரும் இறந்தார்கள். களைப்பு வெடிப்பு, அதாவது திரும்பத் திரும்ப வரும் இழுவையால் உலோகத்தில் மெல்ல வளரும் வெடிப்பு, அந்தக் கீறல்களிலிருந்துதான் போயிருந்தது. உங்கள் கீறலும் அதுவும் ஒன்றல்ல, இரவு நித்திரையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மூடி மறைக்கப்பட்ட கீறலுக்கு அவசரமே இருப்பதில்லை என்பதற்காகத்தான் சொன்னேன்.

எப்படிச் சொல்வது? ஒரு தாளில் திகதி, விமானப் பதிவெழுத்து, எந்தப் பனல், அதன் எந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரம், கையில் இருந்த கருவி எது, எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த வேலைக்குக் கையெழுத்து வைத்த லைசன்ஸ் பொறியியலாளரிடம் நேரே போங்கள். உங்கள் கீறலுக்கு மேல் இருப்பது அவருடைய கையெழுத்து. அதனால்தான் அவர் முதலில் அறிய வேண்டும். அவரிடம் போகப் பயமென்றால் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் அறிக்கைப் படிவம் இருக்கும், அதை நிரப்பிக் கொடுங்கள். லீவு முடியும் வரை காத்திருக்க வேண்டாம், விமானம் காத்திருப்பதில்லை. தொலைபேசியில் இன்றே சொல்லிவிட்டு, எழுத்தில் பிறகு கொடுக்கலாம்.

சொன்னால் தண்டனை வருமா என்று பயப்படுவீர்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இணைப்பு 19, பாதுகாப்பு முகாமைத்துவத்துக்கு உரியது. தானாக முன்வந்து தரும் பாதுகாப்புத் தகவலை ஆளைத் தண்டிக்கப் பயன்படுத்தாமல் காக்க வேண்டும் என்பது அதன் போக்கு. ஆனால் அது வேண்டுமென்றே செய்ததையும் படுமோசமான அலட்சியத்தையும் மூடுகிற குடை இல்லை. கை நழுவுவது எல்லோருக்கும் நடப்பது. தெரிந்தே நாள்கணக்கில் மறைப்பது வேறு கணக்கில் சேரும். இப்போதே நீங்கள் பிந்திவிட்டீர்கள், ஆகவே ஏச்சு விழும். வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் பிந்தினால் ஏச்சோடு நிற்காது.

பலம் குறைவில்லை, கூடிவிட்டது

இனி கைக்கு வருவோம். ‘கைவராது போல’ என்று நீங்கள் நினைப்பதை நான் நம்பவில்லை. லொக் வயர் அறுவது, ஸ்குருத் தலை நைவது, இரண்டாவது கிளிக், டிரைவர் நழுவியது, இந்த நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே பழக்கம்தான். எங்கே நிறுத்துவது என்பதை நீங்கள் கைத்தசையிடம் கேட்கிறீர்கள். கராஜில் அது சரியாக வேலை செய்தது. துருப்பிடித்த நட், எத்தனையோ பேர் கழற்றிப் பூட்டிய என்ஜின், தேய்ந்த மரை, இதையெல்லாம் உங்கள் அப்பா கையுணர்வால்தான் சமாளிக்கிறார். அவர் பிழையாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு போல்ட் முறிந்தால் வண்டி ஓந்தாச்சிமடத்து வளைவில் நிற்கும், தள்ளிக்கொண்டு வரலாம். அந்த இடைவெளி இருப்பதால் அந்தத் தொழிலில் அந்த முறை செல்லும். ஸ்பானரைத் தொடாமல் வந்த பிள்ளைகளுக்கு அழிக்கப் பழைய பழக்கம் இல்லை, அதனால்தான் முதல் வருடங்களில் முந்துகிறார்கள். பிறகு நெருக்கமான இடத்துக்குள் பார்க்காமலே நட் ஒன்றைத் தொடக்க வேண்டிவரும்போது உங்கள் விரல் அவர்களுடையதை முந்தும்.

டோர்க் ரென்ச்

கிளிக் என்றால் முடிந்தது. இரண்டாவது இழுப்பு ‘சரிபார்ப்பு’ இல்லை, அது கூடுதல் இறுக்கம். இறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீளுகிறது, அந்த நீட்சியின் இழுவைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. மெனுவல் தரும் எண் அந்த நீட்சிக்கான மறைமுக அளவு. அதைத் தாண்டினால் போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாத நிலைக்குப் போகக்கூடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கைப்பிடியின் நடுவில் பிடித்து, ஒரே சீராக, மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கிளிக் கேட்குமுன்பே எல்லை தாண்டியிருக்கும். அந்த ரென்ச்சால் நட்டைக் கழற்றவே கூடாது. வேலை முடிந்ததும் அளவீட்டின் ஆகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள், அதற்கும் கீழே இறக்க வேண்டாம். எடுக்கும்போது அளவுத்திருத்த ஸ்டிக்கரின் திகதியைப் பாருங்கள். காலாவதியான ரென்ச் எவ்வளவு புதிதாக மினுங்கினாலும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

கராஜிலிருந்து வந்திருக்கக்கூடிய இன்னொரு பழக்கத்தை நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டுவது. உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை எண்ணெய் பட்ட மரையில் வைத்தால் உராய்வு குறைந்து, அதே கிளிக்கில் போல்ட் மிகக் கூடுதலாக இழுபடும். மெனுவல் பூசச் சொன்னால் சொன்னதைப் பூசுங்கள். சொல்லாவிட்டால் துடைத்துவிடுங்கள்.

தானே பூட்டிக்கொள்ளும் நட் என்றால் அது சும்மா சுழலும்போதே ஒரு இழுவை காட்டும். நட் போய் அமருமுன் அந்த இழுவையை அளந்து, மெனுவல் தரும் எண்ணோடு கூட்ட வேண்டும். மெனுவல் 50 அங்குல-இறாத்தல் (இறுக்கத்தின் அலகு) கேட்டு, இழுவை 12 என்றால் வைக்க வேண்டியது 62. சில மெனுவல்களில் இது ஏற்கெனவே சேர்ந்திருக்கும், ஆகவே குறிப்பை வாசிக்காமல் கூட்டாதீர்கள். ரென்ச்சின் முன்னால் நேர்கோட்டில் நீட்சித் துண்டு போட்டால் எண் மாறும். பிடியின் நடுவிலிருந்து தலை வரை 10 அங்குலம், நீட்சி 2 அங்குலம், போல்ட்டுக்கு வேண்டியது 120 என்றால், பத்தைப் பன்னிரண்டால் வகுத்து 120ஆல் பெருக்குங்கள். ரென்ச்சில் வைக்க வேண்டியது 100. செய்முறைப் பரீட்சையில் பலர் விழும் குழி இது.

கொட்டர் பின் (நட் தளராமல் துளைக்குள் விட்டு மடக்கும் பிளவு ஊசி) போடும் நட்டில் துளை நேருக்கு வரவில்லையா? குறைந்த எல்லையில் தொடங்கி உயர்ந்த எல்லை வரை மெதுவாக இறுக்கிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் வொஷரையோ நட்டையோ மாற்றுங்கள். ‘கொஞ்சம் பின்னுக்கு விட்டு’ நேராக்குவது அங்கே கிடையாது.

ஸ்குரு டிரைவரும் நிற்கும் இடமும்

பிலிப்ஸ் தலையின் சரிவே பிட்டை வெளியே தள்ளும் வடிவம். அதனால் திருகும் பலத்தைவிட அழுத்தும் பலம் கூட வேண்டும். நீங்கள் மறுபக்கமாகச் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் குழிக்குள் அடைந்திருக்கும் பெயின்ட்டைக் கூரான ஒன்றால் சுரண்டி எடுங்கள். பிட்டை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அளவு பிழை, அல்லது பிட் தேய்ந்துவிட்டது. பிட் மலிவு, மாற்றுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, டிரைவர், ஸ்குரு எல்லாம் ஒரே கோட்டில் வர வேண்டும். அதற்கு மேடையை நகர்த்த வேண்டுமென்றால் இறங்கிப் போய் நகர்த்துங்கள்.

இடது கையை எங்கே வைத்திருந்தீர்கள்? அனேகமாகப் பனலின் ஓரத்தில், சும்மா. அந்தக் கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் டிரைவரின் கம்பியைத் தளர்வாகச் சுற்றிப் பிடித்து, மற்ற விரல்கள் பனலில் ஊன்றியிருக்க வேண்டும். பிட் துள்ளினாலும் அந்த வளையத்துக்குள்ளேயே நிற்கும், தகட்டில் ஓடாது. அந்தக் கீறலை இந்த இரண்டு விரல்களே தடுத்திருக்கும்.

ஒரு தரம் நழுவினால் நிறுத்துங்கள். இரண்டாவது நழுவலில்தான் தலை முழுதாகப் போகும். புது பிட், நுனியில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் ஒரு பொட்டு, அப்புறம் அழுத்தம். அதற்கும் மசியாவிட்டால் மேலாளைக் கூப்பிடுங்கள். கராஜில் செய்வதுபோல டிரைவரின் பின்னால் சுத்தியலால் ஒன்று போடுவது வேண்டவே வேண்டாம், கீழே தேன்கூட்டுப் பனலாக (இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற அறைகள் உள்ள பனல்) இருந்தால் உள்ளே நசுங்கிவிடும். திரும்பப் பூட்டும்போது முதல் இரண்டு மூன்று சுற்றையும் விரலால் தொடக்குங்கள். எந்தத் துளையில் எது இருந்தது என்று அட்டையில் பனலின் படம் கீறி, ஸ்குருக்களை அதில் குத்தி வையுங்கள். குட்டை ஸ்குரு இருக்க வேண்டிய இடத்தில் நெட்டை போனால் உள்ளே வயரையோ குழாயையோ போய்த் தொடும்.

நிற்கும் இடத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானத்தின் விமானியறைக் கண்ணாடி ஒன்று ஏறும்போதே பிய்த்துக்கொண்டு போனது. கப்டன் பாதி உடல் வெளியே தொங்க, மற்றவர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உயிர் பிழைத்தார். கண்ணாடி முதல்நாள் அதிகாலையில் மாற்றப்பட்டது. அதைப் பிடித்த 90 போல்ட்டில் 84 இன் விட்டம் 0.026 அங்குலம் குறைவு, மற்ற 6 நீளத்தில் குட்டை. செய்தவர் அனுபவம் மிக்கவர். கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்து, அதேபோல ஒன்றைக் கண்ணால் பார்த்து எடுத்தார். பாகப் பட்டியலைப் புரட்டவில்லை. மேடை சரியாக எட்டாததால் எக்கி, பக்கவாட்டில் சாய்ந்து பூட்டினார். போல்ட்டின் தலை குழிக்குள் அளவுக்கு மீறி இறங்கியிருந்ததை அந்த நிலையில் அவரால் பார்க்க முடியவில்லை. ‘பழையதைப் பார்த்து எடு’ என்பது நம் கராஜ்களில் தினமும் கேட்கிற வசனம்.

லொக் வயர்

உங்கள் வயர் அறுவது கூடுதலாக முறுக்குவதால். பரவலாகப் பாவிக்கும் 0.032 அங்குல வயருக்கு ஒரு அங்குலத்தில் ஆறிலிருந்து எட்டு முறுக்கு போதும். துருப்பிடிக்காத உருக்கு முறுக்க முறுக்க இறுகி நொறுங்கும் தன்மைக்கு வரும், இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்பட்டால் அறும். குறட்டின் பல் வயரில் தடம் பதித்தாலும் அந்த இடத்தில் போகும். அறுந்ததை ஒட்டுப்போட முடியாது, கழற்றியதைத் திரும்பப் பாவிக்கவும் முடியாது.

திசைதான் முதல் பாடம். போல்ட் தளரப் பார்த்தால் வயர் அதை இறுகும் பக்கம் இழுக்க வேண்டும். துளையில் விட்டு, தலையைச் சுற்றி இழுத்து, முதல் முறுக்கைக் கையால் போட்டு, இழுவை தளராமல் அடுத்த போல்ட்டின் துளை வரை முறுக்குங்கள். முடிவில் அரை அங்குலம் அளவில் வால் விட்டு உள்பக்கம் மடக்குங்கள், அடுத்தவன் கையைக் கிழிக்காமல் இருக்க. வெட்டும்போது நுனியை மறு கையால் மூடிக்கொள்ளுங்கள். தெறித்த துண்டு எங்கே விழுந்தது என்று தேடும் வேலை, முறுக்கிய வேலையைவிட நீளும்.

லீவில் செய்யக்கூடியது

லொக் வயரை வீட்டில் தாராளமாகப் பழகலாம். பழைய போல்ட் நாலைந்தின் தலையில் குறுக்கே துளை போட்டு, மரப்பலகையில் வெவ்வேறு கோணத்தில் பூட்டுங்கள். ஒவ்வொன்றையும் முறுக்கியபின் அடிமட்டம் வைத்து எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு நேரே வந்ததும் பலகையைச் சுவரில் தலைக்கு மேலே அடித்து, பிறகு ஒரு பெட்டிக்குள் வைத்து, கண்ணாடியில் பார்த்து முறுக்குங்கள்.

அரத்துக்கும் இதுவே நேரம். அலுமினியத் துண்டொன்றைச் சதுரமாக்குங்கள். முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்குங்கள். அரத்தில் சோக்கு தேய்த்தால் பல்லில் உலோகம் அடையாது. மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எங்கே குனிந்தது என்று தெரியும். விமானத் தகட்டில் மட்டும் கூரான ஊசியால் கோடு கீறும் பழக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள், பென்சிலும் வேண்டாம். பென்சிலின் காரீயம் உண்மையில் கரி, அது அலுமினியத்தில் அரிப்பைத் தூண்டும்.

ரிவெட் வேலையை வீட்டில் தொட வேண்டாம். சரியான துப்பாக்கியும் தாங்குகட்டையும் இல்லாமல் சுத்தியலால் அடித்துப் பழகினால், அழிக்க வேண்டிய பழக்கம் இன்னொன்று கூடும்.

நகையை அடகு வைக்க வேண்டாம். உங்கள் கட்டத்தில் தேவை நல்ல பிலிப்ஸ் பிட்டுகள் சில, லொக் வயர் குறடு, வெட்டுக் குறடு, சின்ன டோர்ச், நீட்டும் கண்ணாடி. டோர்க் ரென்ச் சொந்தமாக வாங்காதீர்கள், அளவுத்திருத்தச் செலவையும் நீங்களே சுமக்க வேண்டிவரும். வாங்கியவற்றில் அடையாளம் பொறித்து, ஹங்கரில் கருவிப் பட்டியலில் பதிந்துவிட்டு மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். நம் கரையோர உப்புக்காற்றில் குறடு ஒரு மாதத்தில் துருவேறும், எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள்.

போதனாசிரியர், படிப்பு, கட்டார்

வேலையைப் பற்றி அவர் சொன்னது சரி, கூப்பிட்ட விதம் சரியில்லை. இரண்டையும் பிரித்து வையுங்கள். எந்தத் துண்டில் எதற்குப் புள்ளி வெட்டினார் என்று கேட்டு, மதிப்பீட்டுத் தாளைப் பாருங்கள். அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேலி தொடர்ந்தால் பயிற்சித் தலைவருக்குத் திகதிகளோடு எழுதிக் கொடுங்கள், முகநூலில் எழுதாதீர்கள். நீங்கள் செய்யாத வேலையைப் பயிற்சிப் பதிவேட்டில் ‘செய்ததாக’ நிரப்பச் சொன்னால், யார் சொன்னாலும், மறுத்துவிடுங்கள். அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் லைசன்ஸ் கேட்கப் போகிறீர்கள்.

படிப்பை விடும் முடிவை ஒரு தவணைப் புள்ளியை வைத்து எடுக்க வேண்டாம். கைக்கருவியும் பராமரிப்பு நடைமுறையும் லைசன்ஸ் பாடங்களில் ஏழாவது தொகுதி. அதை எழுத்திலும் செய்கையிலும் கடக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு யோசியுங்கள். அப்பாவின் கராஜ் எங்கும் ஓடிவிடாது. லைசன்ஸ் இல்லாமல் கட்டாருக்குப் போனால் பெரும்பாலும் உதவியாளாகத்தான் நிற்க வேண்டிவரும், அங்கே போன பிறகு படிப்பை முடித்தவர்கள் குறைவு. மச்சான் சொல்லும் இடம் உண்மையான விமான நிறுவனமா, ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரரா என்று எழுத்தில் கேளுங்கள். இடையில் ஏஜென்சி ஒன்று இருந்தால் அதன் அனுமதிப்பத்திர இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்கும் வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள், கடவுச்சீட்டையும் கொடுக்காதீர்கள்.